மெழுகுப் பதம்

மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றங்கரையில் எங்கள் வீடு. டவுனுக்கு ஐந்து கிலோமீட்டர்தான். அப்பாயிக்கு அதுவே தூரதேசம். பங்குனியில் வெண்ணெய்த்தாழித் திருவிழாவுக்கு ஒரு தடவை, தீபாவளித் துணிக்கு ஒரு தடவை போவாள். மற்றபடி அவள் அடுப்படிக்கு டவுன் தேவைப்பட்டதில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும். பத்தாயத்தில் நெல், குதிரில் உளுந்து, பானையில் பயறு. எள்ளை மூட்டை கட்டிப் பக்கத்து ஊர்ச் செக்குக்கு அனுப்பினால் நல்லெண்ணெயும் புண்ணாக்கும் திரும்பி வரும். கொல்லையில் அவரையும் கத்தரியும். வரப்பில் பொன்னாங்கண்ணி. வாய்க்கால் வற்றும்போது குறவையும் கெண்டையும் கையாலேயே பிடிபடும். உப்பு வேதாரண்யத்திலிருந்து வண்டியில் வரும். காசு கிடையாது, நெல்லை அளந்து போட்டு உப்பை அளந்து வாங்குவோம். கருவாடு முத்துப்பேட்டைப் பக்கமிருந்து கூடையில் வரும். எங்கள் வட்டிலுக்கு வந்ததில் ரொம்ப தூரம் நடந்தது அந்த உப்பு மாடுகள்தான் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அது முழு உண்மை இல்லை. வயதாக ஆக நினைவு தனக்கு வேண்டாததை உதிர்த்துவிடுகிறது. மிளகாய் ராமநாதபுரத்து மிளகாய். துவரம் பருப்பு எங்கள் களிமண்ணில் சரியாக வராது, அது எப்போதும் கடைச்சரக்குதான். எல்லாவற்றுக்கும் மேலே, ரசத்தில் அப்பாயி கிள்ளிப்போட்ட கட்டிப் பெருங்காயம்! அந்தப் பிசின் ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் ஈரானிலிருந்தும் வந்தது. இந்தியாவில் பெருங்காயச் செடி நட்டு வளர்க்கும் முயற்சியே 2020இல்தான், இமாசலப் பிரதேசத்தில் தொடங்கியது. வெண்ணெய்த்தாழியைத் தாண்டாத அப்பாயி, தினமும் காபூலைக் கரைத்துக் குடித்திருக்கிறாள்.

ஒரு பொருள் விளைந்த இடத்திலிருந்து சாப்பிடும் இடத்துக்கு வரும் தொலைவுக்கு 'உணவு மைல்' என்று பெயர் வைத்தவர் டிம் லாங் என்ற லண்டன் பேராசிரியர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்த சொல். அதைப் படித்தபோது நான் சென்னைக்குக் குடிவந்து வெகுகாலம் ஆகியிருந்தது. படித்த அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. உலகம் இப்போது கண்டுபிடிப்பதை எங்கள் அப்பாயி எப்போதோ செய்துவிட்டாள் என்று வீட்டில் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். மகள் கைபேசியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் எதிரே இருந்த இட்லியில் பர்மா உளுந்து, சாம்பாரில் மொசாம்பிக் துவரை.

பேச்சுக்குச் சொல்லவில்லை. 2016இல் மொசாம்பிக்கோடு துவரைக்கு ஒப்பந்தம். 2021இல் மியான்மரோடு ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்துக்கு ஒப்பந்தம். ரேஷன் கடை பாமாயில் இந்தோனேசியாவிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வருகிறது. நம் தட்டு கப்பலேறி வெகுநாளாகிவிட்டது.

கோபத்தோடு கணக்குப் போட உட்கார்ந்தேன். கணக்கு என் பக்கம் பேசவில்லை.

ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோகக் கப்பல் வெளிவிடுவது சுமார் 10 கிராம் கரியமில வாயு. லாரி சுமார் 200 கிராம். ரங்கூனிலிருந்து சென்னைக்குக் கடல்வழி ஏறக்குறைய 2000 கிலோமீட்டர். அப்படியானால் ஒரு கிலோ உளுந்துக்குக் கப்பலின் பங்கு 20 கிராம். அதே உளுந்து சென்னையிலிருந்து மன்னார்குடிக்கு லாரியில் முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போனால் 60 கிராமுக்கு மேல். வங்காள விரிகுடாவைக் கடந்ததைப்போல மூன்று மடங்கு! இன்னும் இருக்கிறது. ஊரில் என் தம்பி, சித்தப்பா மகன், அந்த ஒரு கிலோவை வாங்க டவுனுக்கு மோட்டார் பைக்கில் போய்வந்தால் பத்து கிலோமீட்டர், 200 மில்லி பெட்ரோல். அது எரிந்து வருவது ஏறக்குறைய 460 கிராம். ரங்கூன் கப்பலையும் சென்னை லாரியையும் சேர்த்தாலும் அதில் கால்பங்கு தேறாது.

அமெரிக்கக் குடும்பங்களின் உணவை வைத்து வெபர், மேத்யூஸ் என்ற இருவர் 2008இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது. உணவின் மொத்தப் பசுங்குடில் வாயுக் கணக்கில் போக்குவரத்தின் பங்கு 11 சதவீதம்தான். பெரும்பகுதி விளைகிற இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

விளைகிற இடம் என்றால் வயல். எங்கள் வயல்.

ஐப்பசி கார்த்திகையில் சம்பா நடவு முடிந்து, பயிர் பச்சை பிடித்து, முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நிற்கும். பள்ளிக்கூடம் விட்டதும் பையை வரப்பில் வீசிவிட்டு இறங்கிவிடுவோம். சேற்றில் காலை ஊன்றினால் கணுக்காலைச் சுற்றிக் குமிழிகள் எழும். பொடிக்குமிழி கொத்தாக வரும், பெருங்குமிழி ஒன்றே ஒன்றாக மெதுவாக வந்து வெடிக்கும். யார் காலடியில் அதிகம் வருகிறது என்று எண்ணிப் பந்தயம் கட்டுவோம். காலால் துழாவினால் அதிகம் வரும் என்பது ஒரு கள்ளாட்டம். பெரியப்பா மேட்டிலிருந்து சத்தம் போடுவார்: "பயிர மிதிச்சீங்க, காலை ஒடிச்சிருவேன்!"

அந்தக் குமிழிகளில் இருந்தது மீத்தேன். தண்ணீர் மூடிக் காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் மக்கிய தாளைத் தின்று மீத்தேனை உண்டாக்குகின்றன. அதில் கொஞ்சம் குமிழியாக வெளியேறும். மிச்சம் நெல் தண்டுக்குள்ளேயே குழாயில் ஏறுவதுபோல ஏறிக் காற்றில் கலக்கும். நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும் வாயு அது. ஒரு கிலோ அரிசிக்கு உலகச் சராசரியில் நாலு கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான பசுங்குடில் வாயு. ஒரு கிலோ பட்டாணிக்கு ஒரு கிலோதான்.

மீத்தேன் என்ற சொல்லே எங்கள் ஊரில் இன்று சண்டைச் சொல். மண்ணுக்கடியில் இருக்கும் நிலக்கரிப் படுகையிலிருந்து அதை உறிஞ்சும் திட்டத்தை எதிர்த்து டெல்டாவே எழுந்து நின்றது. இயற்கை வேளாண்மைக்காகப் போராடிய நம்மாழ்வார் 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் காலமானபோது அந்தப் பிரசாரத்தில்தான் இருந்தார். அது வேறு, இது வேறு. நிலத்தைக் குடைவதும் நெல் விளைவிப்பதும் ஒன்றாகிவிடாது. ஆனாலும் நான் எண்ணி விளையாடியதன் பெயரும் அதுவேதான் என்று தெரிந்த அன்று கொஞ்சம் திகைத்துப்போனேன்.

இதற்கு மருந்தும் ஊரில் இருந்ததுதான் வேடிக்கை. 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்பார் பெரியப்பா. வயலைக் காயவிட்டுப் பிறகு பாய்ச்சினால் வேர் இறங்கும், தூர் கட்டும் என்பது அவர் கணக்கு. இன்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஓட்டை போட்ட பிவிசி குழாயை வயலில் புதைத்து, மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் தண்ணீர் இறங்கிய பிறகு பாய்ச்சச் சொல்கிறது. மீத்தேன் கணிசமாகக் குறைகிறது. ஆனால் கடைமடைக்காரனிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். அடுத்த முறைத் தண்ணீர் வருமா வராதா என்று தெரியாதவன், வந்த தண்ணீரைக் கட்டிவைக்கத்தான் செய்வான். நான் அவனைக் குறை சொல்ல மாட்டேன். அப்பாயியையும் அளவுக்கு மீறிப் புகழ மாட்டேன். தென்னை மட்டையும் வரட்டியும் எரித்த அந்த அடுப்பின் புகையில்தான் அவள் கண் போனது.

பிறகு எதற்காக ஏங்குகிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். உப்பு வண்டிக்காக இல்லை. உளுந்துக்காக.

தை மாதம் சம்பா பழுத்து நிற்கும். வயலில் தண்ணீரை வடித்தாகிவிட்டது. பெரியப்பா தினமும் காலையில் இறங்கிக் கட்டைவிரலால் மண்ணை அழுத்திப் பார்ப்பார். தண்ணீர் ஊறினால் இன்னும் நாள் இருக்கிறது. மண் வெடித்தால் நாள் தவறிவிட்டது. விரல் இறங்கி, எடுத்தபிறகு அச்சு அப்படியே பளபளவென்று நின்றால் அதுதான் மெழுகுப் பதம். அன்றைக்கு எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. கூடையில் விதை உளுந்தைச் சுமந்துகொண்டு அவர் பின்னால் நடக்க வேண்டும். கதிர் முற்றி நிற்கும் பயிர் மேலேயே அவர் வீசிக்கொண்டு போவார். உளுந்து கதிரில் பட்டு, தாளில் உருண்டு, மண்ணில் போய் ஒட்டிக்கொள்ளும் சத்தம் தூறல் விழுவதுபோல இருக்கும். ஒரு வாரம், பத்து நாளில் பெண்கள் அரிவாளோடு வந்து நெல்லை அறுப்பார்கள். அரிதாளுக்கு நடுவில் இரண்டிலையோடு உளுந்து நிற்கும். மிதிபட்டாலும் நிமிர்ந்துகொள்ளும்.

அதற்குப் பிறகு அந்த வயலுக்கு யாரும் ஒன்றும் செய்ததில்லை. உழவில்லை, உரமில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் பாய்ச்சவில்லை. மண்ணில் மிச்சமிருந்த ஈரமும் விடியற்காலைப் பனியும் போதும். தண்ணீர் நிற்காததால் குமிழியும் இல்லை. வேர் முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தை இழுத்து மண்ணில் விட்டுப்போகும். பங்குனியில் பறித்துக் களத்தில் அடித்தால் வருஷத்துக்கு உளுந்து, மாட்டுக்குப் பொட்டு. நான் படித்த எந்தக் கணக்கிலும் இதைவிடச் சுத்தமான சாப்பாட்டைப் பார்க்கவில்லை.

அதை எது குறைத்தது? பர்மாக் கப்பல் இல்லை. அறுப்பு மெஷின். அதன் சக்கரமும் பட்டையும் முளையை நசுக்கிவிடும். ஈர வயலில் இறங்காது என்பதால் மண் காயும்வரை அறுப்பு தள்ளிப்போகும், பதம் போய்விடும். மேட்டூர் அணை பிந்தித் திறக்கும் வருஷங்களில் சம்பாவும் பிந்தி, பனிக்காலம் கடந்துவிடும். அறுக்க ஆள் இல்லை என்பதும் நிஜம். இத்தனையும் சேர்ந்த பிறகுதான் கப்பல் உளுந்துக்கு வேலை வந்தது.

போன வருஷம் தம்பி ஒரு வேலை செய்தான். மெஷின் அறுப்புக்கு மற்ற நிலத்தையெல்லாம் விட்டவன், போர்செட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மா நிலத்தை மட்டும் நிறுத்திவைத்தான். ஆடுதுறை 3 ரக உளுந்தைத் தெளித்து, ஆறு பேரை வைத்து அரிவாளால் அறுத்தான். கூலி கையைக் கடித்தது என்று போனில் புலம்பினான். பங்குனியில் ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் கூடவே கண்டது.

டெல்டாவில் நிலம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: அடுத்த தையில் மெஷினுக்கு வாடகை பேசும்போது ஒரு மாவையாவது அரிவாளுக்கு விட்டுவையுங்கள். விதை உளுந்து தம்பியிடம் இருக்கிறது. கேட்டால் தருவான்.