கவசம் வருகிறது, தண்ணீர் வரவில்லை

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது, "எழுந்து நடக்கிறாரா?" என்றுதான். கையும் காலும் கண்ணுக்குத் தெரிகின்றன. பேச்சு போனதை மட்டும் "கொஞ்ச நாள்ல தானா வந்துடும்" என்று விட்டுவிடுகிறார்கள். மைசூரில் பேச்சுப் பயிற்சியாளராக வேலை பார்க்கும் எனக்கு இதுதான் பெரிய வருத்தம். பேச்சு வேகமாகத் திரும்புகிற முதல் சில மாதங்கள் அந்தக் காத்திருப்பிலேயே கழிந்துவிடுகின்றன.

இந்த ஊரில் இருந்துகொண்டு அப்படி விடுவது இன்னும் நஷ்டம். 1965-இல் உருவான அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இங்கே மானசகங்கோத்திரியில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் 'ஆயிஷ்' என்பார்கள். நான் படித்ததும் அங்கேதான். சாம்ராஜ்நகர், சத்தியமங்கலம், ஊட்டிப் பக்கமிருந்தெல்லாம் மைசூருக்கு வைத்தியத்துக்கு ஆட்கள் வருகிறார்கள். ஆனால் குழந்தைக்குப் பேச்சு வரவில்லை என்றால் உடனே தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்கள், அறுபது வயது அப்பாவுக்குப் பேச்சு நின்றால் அது வயதோடு வந்தது என்று இருந்துவிடுகிறார்கள்.

மூளையின் இடது பக்கம் அடிபட்டால் வலது கையும் காலும் விழும். பெரும்பாலானவர்களுக்கு மொழியும் அந்த இடது பக்கத்தில்தான் இருக்கிறது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மொழி பாதிக்கப்படுகிறது. இதற்கு அஃபேசியா என்று பெயர். வாய்த் தசை தளர்ந்து பேச்சு குழறுவது வேறு. அஃபேசியாவில் நாக்கு நன்றாகவே அசையலாம், சொல்தான் அகப்படாது. சிலருக்குப் பிறர் பேசுவது பிடிபடுவதும் சிரமமாகும். ஆனால் ஆள் அதே ஆள்தான், புத்தி பேதலித்துவிடவில்லை. காது கேட்கிறது, கத்த வேண்டாம்.

என்னிடம் வந்த ஒருவர் தேவராஜ மார்க்கெட்டில் பூ வியாபாரம் செய்தவர். வீட்டில் தமிழ், கடையில் கன்னடம். காலையில் கந்த சஷ்டி கவசத்தைத் தங்குதடையில்லாமல் சொல்வார். தாகமெடுத்தால் சொம்பைக் காட்டி "அது... அது..." என்பார். அவர் மனைவிக்கு இது புரியவே இல்லை. "மேடம், கவசம் முழுசா வருது, தண்ணி கேக்க மட்டும் வாய் வராதா? வேணும்னே பண்றாரோன்னு தோணுது" என்று அழுதார். வேண்டுமென்று செய்வதில்லை. பல வருஷம் சொல்லிச் சொல்லிப் பழகிய துதி, ஒன்று இரண்டு மூன்று, கிழமைகள், பாட்டு, கோபத்தில் வரும் வசவு எல்லாம் யோசிக்காமல் ஒரே ஓட்டமாக வருபவை. "தண்ணி" என்பதை ஒவ்வொரு முறையும் மனசுக்குள் தேடி எடுக்க வேண்டும். தேடுகிற அந்த வழிதான் அவருக்கு அடைபட்டிருந்தது.

கப்பல், அன்னாசிப்பழம் என்று படம் போட்ட அட்டைகளை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மறுநாள் மல்லிகைச் சரம் ஒன்று வாங்கிப்போய் மேஜைமேல் வைத்தேன். இடது கையால் எடுத்து, அசையாமல் கிடந்த வலது கைமேல் முழங்கையிலிருந்து விரல்நுனிவரை நிதானமாகச் சரத்தை நீட்டினார். "எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். உதடு பலமுறை அசைந்தது. பிறகு "இப்பத்து" என்றார். தமிழில் "இருபது" வர இன்னும் பல வாரங்கள் ஆயின.

இரண்டு மூன்று மொழி புழங்குகிறவருக்கு எந்த மொழி முதலில் திரும்பும் என்பது பழைய விவாதம். குழந்தைப் பருவத்தில் கற்ற மொழி என்றார் பிரெஞ்சு அறிஞர் ரிபோ, 1881-இல். அதிகம் புழங்கிய மொழி என்றார் இன்னொரு பிரெஞ்சுக்காரரான பீத்ர், 1895-இல். இரண்டுக்கும் விலக்கு உண்டு. மைசூர்த் தமிழ்க் குடும்பங்களிடம் நான் சொல்வது, எந்த மொழியில் சொல் வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள் என்பதுதான். கலந்து பேசுவது இந்த ஊரின் இயல்பு. நோயாளிக்கு மட்டும் அதை ஏன் தடுக்க வேண்டும்?

சொல் நின்றுபோகும்போது முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்போம்: "த..." சில நேரம் அது போதும். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது பொறுத்திருப்பது. வீட்டுக்காரர்களுக்கு இதுதான் மிகக் கடினம். அவர் வாய் திறப்பதற்குள் மனைவி சொல்லிவிடுவார், மகன் ஊகித்துவிடுவான். எல்லாம் அன்பில்தான். "அம்மா, நீங்க சொல்லிடாதீங்க. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க" என்பேன். டிவியை நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயம் பேசுங்கள். "காபியா, டீயா?" என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். பேரன் பேத்தி, கடை, கோயில், மாத்திரை டப்பா எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து ஒரு தொகுப்பாக வைத்துக்கொடுங்கள். விரலால் தொட்டுக் காட்டுவதும் பேச்சுதான்.

குடும்பம் மட்டும் போதுமா? 2017-இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவில் குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுத்து வீட்டிலேயே மறுவாழ்வுப் பயிற்சி செய்ய வைத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இறந்தவர்கள், பிறரைச் சார்ந்தே இருப்பவர்கள் எண்ணிக்கையில் மற்ற பிரிவோடு வித்தியாசமே இல்லை. அதே ஆண்டு அதே இதழில் ஜெர்மனியிலிருந்து இன்னொரு ஆய்வு. பக்கவாதம் வந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு, வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் மூன்று வாரம் பேச்சுப் பயிற்சி கொடுத்தபோது அவர்களின் அன்றாடப் பேச்சு முன்னேறியது. பயிற்சி பெற்றவர் கையும் வேண்டும், பயிற்சியின் அளவும் வேண்டும் என்றுதான் இரண்டையும் சேர்த்து நான் படிக்கிறேன். முழுச்சுமையையும் மனைவி தலையிலோ மருமகள் தலையிலோ கட்டிவிட்டு, ஆள் தேறவில்லையே என்று அவர்களைக் குறை சொல்வது அநியாயம். ஆறு மாதம் தாண்டிவிட்டது, இனி ஒன்றும் இல்லை என்று கைவிரிப்பதும் தவறு.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. எல்லை தாண்டித் திரும்பிப் போகும் குடும்பங்களுக்கு அதைக் கட்டாயம் கேட்டு வாங்கச் சொல்கிறேன். பேச்சுக்கும் அப்படி ஒருவர் வாசலில் வந்து நிற்க வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை வாரத்தில் சில நாள் வீடியோ அழைப்பில் பயிற்சி தொடரலாம். வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

மாற்றுத்திறனாளி சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது கை கால் மட்டும் எழுதிவிட்டுப் பேச்சை விட்டுவிடுகிறார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில், அஃபேசியாவால் வரும் நிரந்தரப் பேச்சு, மொழிக் குறைபாடும் உண்டு. கையெழுத்துப் போட முடியாதவர் வங்கியில் இரண்டு சாட்சிகளோடு கைரேகை வைத்துப் பணம் எடுக்கவும் வழி இருக்கிறது.

டிஸ்சார்ஜ் நாளில் மாத்திரைச் சீட்டோடு மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். விழுங்குவதைச் சோதித்தீர்களா? தண்ணீர் குடித்ததும் இருமுகிறார், குரல் கரகரக்கிறது என்றால் தண்ணீர் நுரையீரலுக்குள் போகலாம். கஞ்சி எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று சோதித்தவர்தான் சொல்ல வேண்டும். எப்படிக் கொடுத்தாலும் நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் கொடுக்க வேண்டும். பேச்சுப் பயிற்சி எங்கே, எந்த வாரத்தில் தொடங்குவது? மனச்சோர்வை யார் கவனிப்பார்கள்? பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது, பேச்சில்லாதவரால் அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. பதில்களை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.