அந்த 1285 வாக்குகள்

பெசன்ட் நகர்க் கடற்கரையில், கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்தருகே உட்கார்ந்திருந்தோம். தாத்தாவுக்குச் சொந்த ஊர் விருதுநகர்.

"உங்க முதல் ஓட்டு யாருக்குத் தாத்தா?"

"உதயசூரியனுக்கு."

1967 தேர்தல்! இருபது ஆண்டுக் காங்கிரஸ் ஆட்சி முடிந்து அறிஞர் அண்ணா முதல்வரானார். விருதுநகரில் பெருந்தலைவர் காமராசரோ, மாணவர் தலைவர் சீனிவாசனிடம் 1285 வாக்குகளில் தோற்றார்.

"அரிசிப் பஞ்சம். 65 இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் முதுகில் வாங்கிய தடியடி வேறு. கோபம்! ஆனால், பள்ளிக்கூடத்தில் நான் தின்ற மதியச் சோறு அவர் போட்டதுடா."

"இன்றைக்கு அந்தத் தேர்தல் வந்தால்?"

வெகுநேரம் அலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதே சூரியனுக்குத்தான். முடிவு வந்த அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அதுவும் அப்படியேதான் இருக்கும்."