அடிமரம் கோணாதிருக்க

இந்துமாக்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே அமைந்த எழில்மிகு தீவு மொரீஷியஸ். அந்நாட்டுப் பணத்தாளை முதன்முதல் கையில் வாங்கியபோதே நமக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. ஆங்கிலத்தோடும் இந்தியோடும் நம் தமிழும் அதில் இடம் பெற்றிருந்தது. 1735-இல் அத்தீவின் ஆளுநராகப் பொறுப்பேற்ற பிரெஞ்சுக்காரர் மாஹே தெ லா பூர்தொன்னே, போர்ட் லூயிஸ் துறைமுக நகரை உருவாக்கப் புதுச்சேரியிலிருந்து கைவினைஞரை வரவழைத்தார் என்பது வரலாறு. பிற்காலத்தில் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த தமிழரும் பலர். ஆதலின் அங்கு நாம் அயலாராய் உணரவில்லை.

நாம் சென்றது திருப்பயணியாக. போர்ட் லூயிஸ் நகரில், திருச்சிலுவையின் பெயர் தாங்கிய சேன்ட் குருவாவில், அருளாளர் லவால் அடிகளாரின் கல்லறை உள்ளது. 1803-இல் பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் பிறந்து, மருத்துவராகத் தொழில் புரிந்து, பின்னர்க் குருவாகி, 1841-இல் அத்தீவை அடைந்தவர் அவர். 1835-இல் அடிமைத்தளை நீங்கியும் ஆதரவற்று நின்ற ஏழை மக்களிடையே உழைத்து, 1864 செப்டம்பர் 9-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 1979-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தினார். ஆண்டுதோறும் அவர் நினைவு நாளையொட்டிக் கத்தோலிக்கர் மட்டுமன்றிப் பிற சமயத்தாரும் அக்கல்லறையை நாடி நடந்தே வருகின்றனர்.

அங்கு மண்டியிட்டு எழுந்தபின், நம்மை வரவேற்றிருந்த உள்ளூர்க் குருவானவர், “கியூர்பீப்புக்கு வாருங்கள். ஒரு கப்பல் தளத்தைக் காட்டுகிறேன்” என்றார். கியூர்பீப் கடற்கரை ஊரன்று. தீவின் நடுமேட்டுநிலத்தில், ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில், மழையும் மூடுபனியும் அடிக்கடி சூழும் நகரம். மேட்டின்மீது கப்பல் தளமா? நம் முதுபெரும் தந்தை நோவாவை நினைத்துச் சிரித்தவாறே புறப்பட்டோம்.

சென்றடைந்த இடம், சிறு கப்பல்கள் செய்யும் பட்டறை. பழங்காலப் பாய்மரக் கப்பல்களை அவற்றின் மூல வரைபடங்களைக் கொண்டு அளவு குறைத்துச் செய்வது அத்தீவில் பெயர்பெற்ற தொழில். முன்னறையில் பல கப்பல்கள் அணிவகுத்திருந்தன. 1805-இல் டிரஃபால்கர் கடற்போரில் நெல்சன் ஏறி நின்ற விக்டரி ஒருபுறம். 1744 ஆகஸ்டில் அத்தீவின் வடகிழக்குக் கரையருகே பவளப்பாறையில் மோதி உடைந்து, ஏறத்தாழ அனைவரையும் கடலுக்குப் பலி கொடுத்த சாங் ஜெரான் மறுபுறம். தேக்குமரத்தில் இழைத்த உடல், மயிரிழை போன்ற கயிறுகள், விரல்நுனி அளவே பீரங்கிகள். கண்கொள்ளாக் காட்சி!

ஆயினும், நம் உள்ளத்தைக் கவர்ந்தது முன்னறை அன்று, பின்னறை. அங்கே ஒரு முதியவர் தனியே அமர்ந்திருந்தார். தமிழ்ப் பெயர் தாங்கியவர், தமிழ் அறியாதவர். நம்மைக் கண்டதும் எழுந்து, ‘என் தந்தையே’ எனப் பொருள்படும் ‘மோன் பேர்’ என்னும் சொல்லால் வணங்கினார். அவர் முன் கப்பல் ஏதும் இல்லை. ஒரு தடித்த பலகையும், அதன்மேல் குத்திட்டு நின்ற மெல்லிய மரத்துண்டு ஒன்றுமே இருந்தன.

அம்மரத்துண்டே கப்பலின் அடிமரம். நம் கடற்கரை மக்கள் அதனை ஏரா என்பர். கப்பலுக்கு அது முதுகெலும்பு. அதனை நேரே நிறுத்தும் அமைப்பைப் பட்டறைகளில் ஜிக் என வழங்குவர். நாம் பிடிசட்டம் எனலாம். அதன் அமைப்பு மிக எளிது. வளைவில்லாத தடித்த பலகையின் நடுவே கூரிய பென்சிலால் ஒரு நேர்கோடு. அக்கோட்டின் இருமருங்கும் இரு மரச்சட்டங்கள், அடிமரம் இறுகப் புகுமளவே இடைவெளி விட்டுத் திருகாணிகளால் முடுக்கப்பட்டிருந்தன. அந்த இடைவெளியில் அடிமரம் அசைவின்றி நின்றது. விலாச்சட்டம் ஒவ்வொன்றையும் ஒட்டுமுன் முதியவர் மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். குனிந்து ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் நோக்கினார். மீண்டும் மூலைமட்டம், மீண்டும் நோக்கு. அரைமணி நேரத்தில் இரண்டு சட்டங்களே ஒட்டப்பட்டன.

நமக்கு நாணம் மேலிட்டது. காரணம் உண்டு. பல்லாண்டுகளுக்கு முன், கடற்கரைப் பங்கு ஒன்றில் மரியன்னை திருவிழாவுக்காக இளைஞரோடு சேர்ந்து நாமும் ஒரு சிறு கப்பல் செய்தோம். பிடிசட்டம் எதுவும் வைத்தோமல்லோம். அடிமரத்தைக் கையில் பிடித்தவாறே வேலையைத் தொடங்கி, ஒருபுறத்தை முற்றிலும் பலகையிட்டு முடித்த பின்னரே மறுபுறம் சென்றோம். வண்ணம் பூசிப் பாய் கட்டியபின் பார்வைக்கு அழகாகவே இருந்தது. திருவிழாவன்று முதிய மீனவர் ஒருவர் அதனை நெடுநேரம் நோக்கி, “சாமி, இது தண்ணியில போனா வட்டம்தான் சுத்தும்” என்றார். முதல் கோணல் முற்றும் கோணல் அன்றோ?

அதனை மொழிபெயர்த்துக் கூறக் கேட்ட பட்டறை முதியவர், “எல்லாரும் செய்யும் தவறே அது” என்று சொல்லி, காரணத்தையும் விளக்கினார். பலகைகளை நீரில் ஊறவைத்து, சூடுகாட்டி வளைத்தே விலாச்சட்டங்களின்மேல் ஒட்டுவர். ஈரப்பலகை உலரும்போது சுருங்கி இழுக்கும். ஒருபுறம் மட்டும் அடுக்கிக்கொண்டே சென்றால், அடிமரம் அப்புறமே வளைந்துவிடும். ஆதலின் வலத்தில் ஒன்று ஒட்டினால் இடத்தில் ஒன்று. மீண்டும் வலத்தில் ஒன்று, இடத்தில் ஒன்று. இரு புறத்து இழுப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, அடிமரம் நடுவில் நேரே நிற்கும். 75-இல் ஒரு பங்காகச் செய்யப்படும் கப்பலில் 2 மில்லிமீட்டர் கோணல், மெய்யான கப்பலில் 15 சென்டிமீட்டர் கோணலுக்கு ஒப்பாகும். “பிடிசட்டம் இருந்தாலும், ஒரு பக்கமே வேலை செய்தால் பயனில்லை, மோன் பேர்” என்றார் அவர்.

அச்சொல் நம்மைச் சுட்டது. மரக்கப்பலைப் பற்றி அவர் பேசினார். நம் நினைவோ ஒரு வீட்டை நோக்கி ஓடியது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கில் இளங்குடும்பம் ஒன்றில் பிணக்கு எழுந்தது. கணவன் மும்முறை பங்கு இல்லத்துக்கு வந்தான், கண்ணீர் விட்டான். அவன் கூறியது அனைத்தையும் நம்பினோம். பொறுத்துக்கொள்ளுமாறும் பணிந்து நடக்குமாறும் மனைவிக்குச் சொல்லியனுப்பினோம். அவள் தன் பக்கத்தை எடுத்துரைக்க ஒரு நாற்காலி இட்டு அமர்த்தினோமல்லோம். சில திங்களில் அவள் குழந்தையோடு தாய்வீடு சென்றாள்; அதன்பின் நம் ஆலயப்படியை மிதிக்கவில்லை. ஊரார் அவளைக் குறை கூறினர். நாமும் உள்ளூர அவ்வாறே எண்ணியிருந்தோம். ஒருபுறமே பலகை அடுக்கியவர் நாம் என்பதை, கடல் கடந்து, அந்தப் பின்னறையில் நின்றபோதுதான் உணர்ந்தோம்.

நாம் விடைபெறுமுன் முதியவர் இன்னொரு செயலும் செய்தார். அடுத்த மேசையில் மற்றொரு கப்பல் இருபுறமும் பலகை நிறைந்து பிடிசட்டத்தில் நின்றது. திருகாணிகளைத் தளர்த்தி, அதனை மெல்லத் தூக்கி எடுத்தார். உடல் இறுகியபின் பிடிசட்டத்தின் துணை தேவையில்லை. கப்பல் தன் வலிமையிலேயே நேராய் நிற்கும். முன்னறைக்கு வந்து அதனை விலைபேசுவோர் எவரும் பிடிசட்டத்தைக் கேட்பதில்லை. அது பசையும் மரத்தூளும் படிந்து, அடுத்த அடிமரத்துக்காகப் பின்னறையிலேயே காத்திருக்கும்.

லவால் அடிகளாரின் பணியும் அத்தகையதே. அவர் ஒருவராக அத்தீவு முழுவதையும் தாங்கவில்லை. எளிய மக்களிடையே இருந்தே ஆண்களையும் பெண்களையும் மறைக்கல்வி ஆசிரியராகப் பயிற்றுவித்தார். அவர்களே குடிசைதோறும் சென்று, புதிதாய்த் திருமுழுக்குப் பெற்றோரின் கைப்பிடித்து நடத்தினர். கல்லறையில் நாம் படிப்பது அடிகளாரின் பெயரை. அவர்களுள் பெரும்பாலோரின் பெயரை நாம் அறியோம். நம் இல்லங்களில் இரவுதோறும் பிள்ளைகளை முழந்தாளிடச் செய்து செபமாலை சொல்லிக்கொடுக்கும் பாட்டியரும், ஞாயிறு மறைக்கல்விக்கு ஊதியமின்றி வரும் ஆசிரியைகளும் அவர்கள் வழிவந்தோரே. பெற்றோரே, நீங்களும் உங்கள் பிள்ளைகளுக்குப் பிடிசட்டங்களே. இறுகப் பிடிக்க வேண்டிய காலம் ஒன்று உண்டு; திருகாணியைத் தளர்த்தி விட்டுவிட வேண்டிய காலமும் உண்டு. ஒரு பிள்ளையின் முறையீட்டை மட்டும் கேட்டு மற்றொன்றை அடிப்பதும், மருமகளைக் கேளாது மகனுக்கே பரிந்து பேசுவதும், ஒருபுறப் பலகை அடுக்கும் வேலையே என்பதை மறவாதீர்கள்.

ஊர் திரும்பிய அந்த வாரமே, அப்பெண்ணின் தாய்வீட்டுக் கதவைத் தட்டினோம். அவள் முதலில் வாசலிலேயே நின்றாள். நாம் செய்தது தவறு என்று சொன்னபின்னரே பாய் விரித்தாள். நெடுநேரம் பேசினாள், நாம் இடைமறிக்கவில்லை. அவள் கூறியவற்றுள் பல, நாம் முன்னர்க் கேட்டு நம்பியவற்றுக்கு நேர்மாறானவை. மறுநாள் கணவனையும் அழைத்துப் பேசினோம். இருவரும் மீண்டும் ஓரில்லத்தில் கூடுவரோ, இறைவனே அறிவார். நெடுங்காலம் ஒருபுறமே இழுபட்ட மரம் ஒரே நாளில் நிமிராது. ஆயினும் சென்ற ஞாயிறு திருப்பலியில், கடைசி வரிசையில், குழந்தையை மடியில் இருத்தி அவள் அமர்ந்திருக்கக் கண்டோம். பீடத்தில் நின்ற நம் கைகள் நடுங்கின. இன்னும் பல முறை இரு பக்கமும் சென்று கேட்க வேண்டும். அதற்கான பொறுமையைத் தச்சர் மகனாய் வளர்ந்த நம் ஆண்டவர் நமக்கு அருள்வாராக!