எழுபது வளைவுகளும் ஒரு வலி மாத்திரையும்

கொல்லிமலைக்காரர்களுக்குப் பெரிய ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் கீழே இறங்க வேண்டும். ராசிபுரம், நாமக்கல், இல்லாவிட்டால் சேலம். 2022 ஜனவரியில் நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது கொஞ்சம் ஆறுதல். ஆனால் இறங்குவதைவிடத் திரும்பி ஏறுவதுதான் பெரும்பாடு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பஸ் சாயும்போது தையல் போட்ட வயிறும் சேர்ந்து இழுக்கும். அப்போது பையில் என்ன மாத்திரை இருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

நம்மூர் ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷனுக்குப் பிந்தைய வலிக்கு எழுதுவது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். முதல் நாள் டைக்ளோஃபெனாக் ஊசி, அல்லது டிரிப்ஸில் பாராசிட்டமால். தாங்கவில்லை என்றால் டிராமடால். இரண்டு மூன்று நாளில் மாத்திரை. மார்ஃபின் அபூர்வம். 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டம் கொண்டுவந்த லைசென்ஸ், பதிவேடு கெடுபிடிகள்தான் முக்கியக் காரணம். 2014ல் சட்டத்தைத் திருத்தி எளிதாக்கினார்கள், பயம் போகவில்லை. 2018ல் டிராமடாலும் அதே சட்டத்துக்குள் வந்தது. அமெரிக்காவில் நேர் எதிர். 1990களின் பிற்பகுதியிலிருந்து ஆக்ஸிகோடோனைத் தாராளமாக எழுதித் தள்ளியதில் தொடங்கிய வினை, லட்சக்கணக்கான உயிர்களில் போய் முடிந்தது. எனவே நம்மவர்களின் பயம் வெறும் பயம் என்றும் தள்ளிவிட முடியாது.

டைக்ளோஃபெனாக் மலிவு, நன்றாகவே கேட்கும். ஆனால் அல்சர் உள்ளவருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் ஆகாது. எல்லா பெட்டுக்கும் ஒரே சீட்டு எழுதினால் இதுதான் சிக்கல். (மாடுகளுக்குப் போட்ட இதே மருந்துதான் பிணந்தின்னிக் கழுகுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. 2006ல் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். அது தனிக்கதை.)

இப்படி எழுதப்படும் சீட்டுகளை ஆராய்வது மருத்துவக் கல்லூரிகளில் வழக்கமான வேலை. உலக சுகாதார நிறுவனம் 1993ல் கொடுத்த அளவுகோல்கள் இருக்கின்றன: சீட்டுக்கு எத்தனை மருந்து, எத்தனை ஊசி, எத்தனை ஆன்டிபயாடிக், பொதுப்பெயரில் எழுதியது எவ்வளவு. எல்லாம் எண்ணலாம். வலி குறைந்ததா என்பது மட்டும் அந்தக் கணக்கில் வராது.

வலியைப் பற்றி உலகுக்கே பாடம் எடுத்த டாக்டர் பால் பிராண்ட், 1914ல் இதே கொல்லிமலையில் பிறந்தவர். மிஷனரி குடும்பம். வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். அவர்களின் விரல்கள் நோயால் அழுகி விழவில்லை, வலி தெரியாததால் காயம் பட்டுப் பட்டே தேய்கின்றன என்று காட்டியவர் அவர். வலியை ஒரு கொடை என்றே சொன்னார். எச்சரிக்கும் வலிக்கு அது பொருந்தும். டாக்டரே போட்ட வெட்டுக்கு எச்சரிக்கை எதற்கு? அந்த வலியால் மூச்சை ஆழமாக இழுக்காமல், இருமாமல் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும். எழுந்து நடக்காவிட்டால் காலில் ரத்தம் உறையலாம்.

ரவுண்ட்ஸில் "வலிக்குதா?" என்று கேட்டால் மலையிலிருந்து வந்த பெரியம்மா "பரவால்லீங்க" என்றுதான் சொல்வார். "ஒரு தடவை இருமுங்க பார்க்கலாம்" என்றால் முகம் சொல்லிவிடும். டிஸ்சார்ஜ் சீட்டில் 'எஸ்.ஓ.எஸ்.' என்றிருக்கும், தேவைப்பட்டால் போடு என்று அர்த்தம். அது பெரியம்மாவுக்கு எப்படித் தெரியும்? காரவள்ளிக்கு முக்கால் மணி முன்னால் ஒரு பாராசிட்டமால் போட்டுக்கோங்க என்று சிஸ்டர் வாயால் சொன்னால், முதல் வளைவு வரும்போது மருந்து வேலை செய்யத் தொடங்கியிருக்கும்.