காசு கொடுத்து வாங்கும் இலையான்

எங்கள் வீட்டு பிறிட்ஜில் தயிர்ச் சட்டிக்குப் பின்னால் ஒரு பழைய ஐஸ்கிறீம் பெட்டி இருக்கும். மூடியில் ஊசியால் குத்திய ஓட்டைகள். உள்ளே மரத்தூளுக்குள் முந்நூறு, நானூறு கூட்டுப்புழுக்கள், கருஞ்சிவப்பாக, நெல்மணியை விடக் கொஞ்சம் பருமனாக. வெளியே எடுத்து வைத்தால் சில நாளில் எல்லாம் இலையான். தமிழ்நாட்டில் ஈ என்பதற்கு யாழ்ப்பாணத்தில் அதுதான் பெயர். சோற்றுக் கோப்பையில் ஒன்று இருந்தாலே கோப்பையைத் தள்ளி வைக்கிற சனம் நாங்கள். நானோ கிழக்கு லண்டனில் இருந்துகொண்டு அதைக் காசு கொடுத்து வாங்குகிறேன்.

எல்லாம் கொண்டையனுக்காக. கொண்டையன் ஒரு யேமன் பச்சோந்தி. இந்த இனத்தின் சொந்த நிலம் யேமனும் சவூதி அரேபியாவும். உச்சந்தலையில் பாய்மரம் போல எழுந்த கொண்டையால் வந்த பெயர். இங்கிலாந்தில் பண்ணையில் பொரித்த குஞ்சை உரிமம் இல்லாமலே வாங்கி வளர்க்கலாம். ஊரில் இந்த ஆசை வேண்டாம். இலங்கையின் வறண்ட காடுகளிலும் இந்தியாவிலும் இருக்கும் பச்சோந்தி வேறு இனம், சட்டப் பாதுகாப்பில் உள்ளது. வேலியில் தலையாட்டுவதைப் பார்த்துப் பச்சோந்தி என்கிறோமே, அது பெரும்பாலும் பச்சோணான்.

முதல் ஒன்றரை வருடம் கிரிக்கெட் பூச்சியும் வெட்டுக்கிளியும்தான் சாப்பாடு. பிறகு ஒருநாள் நிறுத்திவிட்டான். கோப்பைக்குள் பூச்சி துள்ளும், அவன் ஒரு கண்ணால் பார்ப்பான், மற்றக் கண்ணைச் சுவர்ப் பக்கம் திருப்புவான். வருத்தமோ என்று வைத்தியரிடம் கொண்டு போனேன். வருத்தம் ஒன்றும் இல்லை, அலுத்துவிட்டது, அவ்வளவுதான். பதினோராம் நாள் ஜன்னலால் ஒரு இலையான் வந்து கூண்டு வலையில் மோதியது. இரண்டு கண்ணும் ஒன்றாக முன்னுக்குத் திரும்பின. தனித்தனியே சுழலும் அந்தக் கண்கள் ஒரே புள்ளிக்கு வந்தால் அவன் தூரம் அளக்கிறான் என்று அர்த்தம்.

அன்று வலைக்கு வெளியே இருந்ததால் அந்த இலையான் தப்பியது. தப்பியதும் நல்லதுதான். வெளி இலையான் எந்த மருந்தடித்த குப்பையில் இருந்து வந்ததோ, யாருக்குத் தெரியும்? அதைப் பிடித்துக் கொடுக்கக் கூடாது. ஆனால் எனக்கு விசயம் பிடிபட்டுவிட்டது. அவனுக்குக் குறைந்தது சாப்பாடு இல்லை, வேட்டை.

இலையான் எங்கே வாங்குவது? தூண்டில் கடையில். இங்கிலாந்தில் தூண்டில் கடைக்குப் போனால் புழுவைப் பால் போல பைன்ட் கணக்கில் அளந்து தருவார்கள். பெரியது நீல இலையானின் புழு. பிங்கி என்பது பச்சை இலையானுடையது. ஸ்குவாட் என்ற பொடிப் புழு வீட்டு இலையானுடையது. கூடு கட்டியதற்கு காஸ்டர் என்று பெயர். எனக்கு வேண்டியது காஸ்டர். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் தூண்டில் போடத் தடை. அந்த நாளில் போய் நின்றால் கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பச்சோந்திக்கு என்று சொன்ன பிறகு இன்னும் ஒரு மாதிரிப் பார்த்தார்.

நிறம் ஏற்றிய புழு பக்கமே நான் போவதில்லை. ஒரு காலத்தில் வெண்கல நிறம் வர கிறைசோயிடின் என்ற சாயத்தைப் போட்டார்கள். அது தூண்டில்காரரின் கையில் பட்டுப் பட்டு மூத்திரப்பைப் புற்றுநோய் வருமோ என்ற சந்தேகம் 1980களில் கிளம்பியது. நான் கேட்பது வெள்ளைப் புழுவில் வந்த காஸ்டர் மட்டும்.

காஸ்டர் பார்த்து வாங்குவதில் தூண்டில்காரருக்கும் எனக்கும் நேர் எதிர். கூடு கட்டிய புதிதில் அது வெளிறிய செம்மஞ்சள், தண்ணீரில் தாழும். மீன் பிடிப்பவருக்கு அதுதான் வேண்டும். நாள் போகப் போகக் கறுத்து மிதக்கத் தொடங்கும், அவர்களுக்கு அது கழிவு. எனக்கோ மிதப்பதுதான் பொன். பொரிக்கக் கிட்ட வந்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை. ஒரு கிண்ணம் தண்ணீரில் கொட்டி, மிதப்பதை அள்ளித் துவாயில் உலர்த்தி, ஒரு பங்கை வெளியே வைப்பேன், மீதியை பிறிட்ஜில் வைப்பேன். நாலைந்து பாகைக் குளிரில் அதற்குள் நேரம் நின்றுவிடும். மூன்று கிழமைக்கு மேல் நிறுத்தினால் நட்டம். பொரிப்பது குறையும், பொரித்ததிலும் பாதிக்குச் சிறகு விரியாது.

பொரிப்பதை ஒருமுறையாவது கிட்ட இருந்து பார்க்க வேண்டும். கூட்டின் ஒரு முனை தொப்பி போலக் கழரும். நெற்றியில் இருந்து ஒரு வெள்ளைப் பை ஊதி ஊதிச் சுருங்கும். அந்தப் பையால்தான் முட்டித் திறக்கிறது. வெளியே வரும்போது நீலமும் இல்லை, பளபளப்பும் இல்லை. சாம்பல் நிறத்தில், பொதுக்கென்று, முதுகில் இரண்டு கசங்கிய கடதாசித் துண்டுகளோடு விறுவிறுவென்று நடந்து திரியும். மெல்ல மெல்லக் கடதாசி விரியும், நிறம் ஏறும். பிறகு பறக்கும்.

பொரித்த இலையானின் வயிறு வெறுமை. அப்படியே கொடுத்தால் சிறகும் தோலும்தான். அதனால் ஒருநாள் வைத்து ஊட்ட வேண்டும். சீனி, பால்மா, கொஞ்சம் மகரந்தத் தூள். பஞ்சில் தண்ணீர். மறுநாள் பத்து நிமிடம் பிறிட்ஜில் வைத்தால் மயங்கிக் கிடக்கும். அப்போது கல்சியம் தூள் ஒரு சிட்டிகை போட்டு உருட்டி எடுக்க வேண்டும். பூச்சியில் கல்சியம் குறைவு, பொஸ்பரஸ் கூட. தூள் போடாமலும் யூவிபி விளக்கு இல்லாமலும் வளர்த்த பச்சோந்தியின் கால் எலும்பு வில் போல வளைந்துவிடும். இதில் ஒரு தொல்லை, மயக்கம் தெளிந்ததும் இலையான் முன்னங்காலைத் தேய்த்துத் தேய்த்துத் தூளைத் துடைத்துவிடும். ஆகவே சுணங்கக் கூடாது. நான் தூளோடு சேர்த்து ஒரு தயிர்க் கோப்பைக்குள் விட்டு, மூடியில் விரல் அளவு ஓட்டை போட்டுக் கூண்டுக்குள் வைக்கிறேன். ஒவ்வொன்றாக ஏறி வரும், வெளிச்சத்தைத் தேடி விளக்கடிக்குப் போகும். கொண்டையன் வெயில் காய்வதும் அங்கேதான்.

வாய் மெதுவாகத் திறக்கும். நாக்கின் நுனி ஒரு மொட்டுப் போல எட்டிப் பார்க்கும். பிறகு நடப்பது கண்ணுக்குப் பிடிபடாது, ஒரு சின்னச் சத்தம் மட்டும். அந்த நாக்கில் ஊறும் பசை மனித எச்சிலை விட ஏறக்குறைய 400 மடங்கு பிசுபிசுப்பு என்று 2016இல் அளந்து சொன்னார்கள். குளிர்ந்த காலையில் கவனித்தால் இன்னொன்று தெரியும். நாக்கு பாய்வதில் பெரிய குறை இருக்காது, திரும்பி வருவதுதான் இழுபடும். பாய்வது நாண் போல முன்பே இழுத்து வைத்த விசையில். திரும்பி வருவதற்குத் தசைதான் உழைக்க வேண்டும், அதற்குச் சூடு வேண்டும்.

கிழமையில் இரண்டு நாள்தான் இலையான். மற்ற நாளில் பழைய கிரிக்கெட்டே. இப்போது அதையும் தின்கிறான்.

போன வருடம் அப்பாவின் திவசத்துக்கு அம்மா ஊரில் இருந்து வந்திருந்தார். நான் கிண்ணத்தில் பால்மா கரைப்பதைப் பார்த்து, “ஆருக்குத் தம்பி?” என்று கேட்டார். சொன்னேன். “சண்டை நேரம் பிள்ளையளுக்கே பால்மா கிடைக்கேல்லை. நீ இலையானுக்குக் கரைக்கிறாய்” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கிழமை அவர் வந்த பரபரப்பில் ஒரு பெட்டி காஸ்டரை வெந்நீர் பொயிலருக்குப் பக்கத்துத் தட்டில் வைத்து மறந்துவிட்டேன். மூடியும் சரியாகப் பூட்டவில்லை. திவசத்தன்று காலை குசினி ஜன்னல் முழுக்க நீல இலையான். அடுப்பில் ஏழு கறி. ஐயர் வர ஒரு மணித்தியாலம். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, சட்டிகளை ஒவ்வொன்றாக மூடினார். மற்ற ஜன்னல்களின் திரையை எல்லாம் இழுத்து, ஒன்றை மட்டும் வெளிச்சத்துக்கு விட்டேன். எல்லாம் அந்தக் கண்ணாடிக்கே வந்து குவிந்தன. வாக்கும் கிளீனர் குழாயின் வாயில் மனைவியின் பழைய நைலோன் காலுறையைக் கட்டி உறிஞ்சி எடுத்தேன். காலுறைக்குள் உயிரோடு, ரீங்காரத்தோடு, ஒரு மாம்பழப் பருமனில் ஒரு பொதி. அதை ஜன்னலால் வெளியே உதறப் போனேன்.

“நில்லடா,” என்றார் அம்மா. “காசு குடுத்து வாங்கினது தானே. பிறிட்ஜில வை. தயிர்ச் சட்டியை நான் அங்கால எடுக்கிறன்.”