அளவான துவக்கு

காற்றுத் துவக்கு என்றதும் உங்களில் பாதிப்பேருக்கு ஊரில் கொக்குச் சுடுகிற சாமான் ஞாபகம் வரும், மற்றப் பாதிக்கு வீடியோ கேம். நான் சொல்லப்போவது இரண்டும் இல்லை. ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் தள்ளி நின்று சுடுகிறார்களே, அந்தத் துவக்கு. 4.5 மில்லிமீட்டர் ஈயச் சன்னம். இலக்கின் நடுவில் இருக்கிற பத்துப் புள்ளிப் பொட்டின் அகலம் வெறும் அரை மில்லிமீட்டர், பேனா முனையால் ஒரு குத்துக் குத்தினால் வருகிற அளவு. அதைச் சுற்றி இருக்கிற ஒன்பது புள்ளி வட்டம் 5.5 மில்லிமீட்டர். நின்றபடி, எதிலும் சாயாமல், 75 நிமிடத்துக்குள் 60 தரம் சுடவேண்டும். துவக்கு 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது.

என் அக்காவின் மகளுக்கு இதில் பைத்தியம் பிடித்தது இளவேனில் வாலறிவனைப் பார்த்துத்தான். 1999இல் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர் அவர். 2019இல் ரியோவில் நடந்த உலகக் கோப்பையில் தங்கம் எடுத்தார். பிறகு டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக். "மாமா, அவவின்ர பேர் தமிழ்ப் பேர்" என்று மருமகள் ஓடிவந்து சொன்னபோது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு மாதத்தில் அடங்கிவிடும் என்றுதான் அக்காவும் நினைத்தா. அடங்கவில்லை.

இந்தியாவில் இந்த வகைக் காற்றுத் துவக்குக்கு லைசென்ஸ் தேவையில்லை. இங்கே நியூ சவுத் வேல்ஸில் கதை வேறு. இங்கே சட்டத்துக்கு காற்றுத் துவக்கும் துவக்குத்தான். 1996இல் போர்ட் ஆர்தர் படுகொலை நடந்த பிறகு வந்த இறுக்கமான சட்டங்கள் இதற்கும் பொருந்தும். பன்னிரண்டு வயது ஆனால் சிறுவர்களுக்கான அனுமதி எடுத்து, பெரியவரின் மேற்பார்வையில் சுடலாம். சொந்தமாக வைத்திருக்க முடியாது. ஆகவே லைசென்ஸ் என் பெயரில், துவக்கு என் பெயரில், பூட்டிய இரும்புப் பெட்டி வில்லாவுட்டில் என் வீட்டில். சனிக்கிழமைகளில் அவளை ஏற்றிக்கொண்டு மேற்கே செசில் பார்க்குக்குப் போவேன். 2000 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய சுடுதளம் அங்கே இருக்கிறது.

வாங்கியது பழைய ஜெர்மன் துவக்கு. துப்பாக்கிப் பட்டறைகளுக்குப் பெயர்போன ஊல்ம் நகரத்தில் செய்தது. வால்நட் மரப் பிடங்கு, பார்க்க வீணைமாதிரி அழகு. ஆனால் அது ஆறடி ஆணுக்காகச் செதுக்கிய மரம். மருமகளுக்குப் பதின்மூன்று வயது. பிடங்கின் நீளம் கூட என்பதால் தோளைப் பின்னுக்கு வளைத்துக்கொண்டு நின்றாள். கன்னம் வைக்கிற மேடு பதிவாக இருந்ததால், கண் குறிக்கு நேரே வர அவள் தலையைச் சரித்து அழுத்த வேண்டியிருந்தது. இருபது சன்னத்துக்குப் பிறகு கழுத்து நோகும். நோகிற கழுத்தோடு அரை மில்லிமீட்டர் பொட்டு எங்கே தெரியும்?

இதற்குத்தான் சேசிஸ். மரப் பிடங்கைக் கழற்றிவிட்டு, குழலும் விசையும் உள்ள இயந்திரப் பகுதியை ஓர் அலுமினியச் சட்டகத்தில் பூட்டுவது. வேறு கம்பனிகள் செய்து தனியாக விற்கிறார்கள். கன்னமேடு, தோள் தகடு, கைப்பிடி, இடது கை தாங்குகிற கட்டை எல்லாவற்றையும் ஏற்றலாம், இறக்கலாம், திருப்பலாம். உலோகம் என்பதால் துவக்கு நன்றாகச் சுடும் என்று விளம்பரத்தில் போடுவார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது: மரம் ஈரத்தைக் குடித்து ஊதும், காய்ந்தால் சுருங்கும், அப்போது திருகாணியின் இறுக்கம் மாறும். ஆனால் அலுமினியமும் சூட்டில் நீளத்தான் செய்யும். 70 சென்டிமீட்டர் சட்டகம் பத்துப் பாகை சூடேறினால் ஏறக்குறைய 0.16 மில்லிமீட்டர். என் கணிப்பில், சேசிஸின் லாபத்தில் பெரும்பங்கு உலோகத்தில் இல்லை, உடம்புக்கு அளவாக மாற்றலாம் என்பதில் இருக்கிறது.

முதலில் கடையில் வாங்கிவந்த சேசிஸ் கறுப்பு. எடை குறைக்க அங்கங்கே ஓட்டை, நேர்கோடு, கூர்மூலை. குசினி மேசையில் வைத்துப் பெட்டியைத் திறந்தபோது அப்பா தேத்தண்ணியோடு வந்தார்.

"உது என்ன தம்பி?"

"பிள்ளைக்கு அளவா மாத்திறதுக்கு, அப்பா."

"ஆமிக்காரன்ர சாமான் மாதிரிக் கிடக்கு. பழசுக்கு என்ன குறை?"

"அது எனக்குப் பெருசு அம்மப்பா. கழுத்து நோகுது" என்றாள் மருமகள்.

"நோகுதெண்டால் விடு பிள்ளை. வேற விளையாட்டே இல்லையே?"

தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அப்பா 1986இல் இங்கே வந்தவர். வன்னியில் பன்றி சுட வைத்திருந்த இடியன் துவக்கைப் பற்றி அவரே சிரித்துச் சிரித்துக் கதை சொல்லுவார். அதனால்தான் மரப் பிடங்கு வீட்டுக்குள் வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. கறுப்பு உலோகம் வேறு. ஆனையிறவில் பஸ்ஸால் இறக்கி, வரிசையில் நடக்கவிட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்களாம். அதற்கு மேல் அந்தக் கதையை அவர் எனக்கும் அக்காவுக்கும் சொன்னதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் வில்லாவுட் தடுப்பு முகாம். 1949இல் குடியேறிகளின் விடுதியாகத் தொடங்கி, 1976 முதல் தடுப்பு முகாமான இடம். போர் முடிந்த பிறகு படகில் வந்த எங்கட ஆட்கள் பலர், பாதுகாப்பு மதிப்பீட்டில் தவறிவிட்டார்கள் என்று ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். அந்த வருசங்களில் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவார். திரும்பி வந்தால் இரவு வரை பேசமாட்டார்.

அப்பா பழைய காலத்து ஆள், விளையாட்டுத் துவக்கு எது, போர்த் துவக்கு எது என்று அவருக்கு விளங்காது என்று நீங்கள் நினைக்கலாம். இந்த மாநிலச் சட்டத்தைக் கொஞ்சம் பாருங்கள். இராணுவத் தானியங்கித் துவக்கின் தோற்றத்தை அப்படியே ஒத்திருந்தால், உள்ளே என்ன இயந்திரம் இருந்தாலும் அது தடைசெய்யப்பட்ட வகை. மடிக்கிற பிடங்குக்கும் கட்டுப்பாடு. தோற்றமும் ஒரு விஷயம்தான் என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது. நாங்கள் வாங்கியது இலக்குச் சுடும் விளையாட்டுக்கென்றே செய்த, மடியாத வகை, வாங்க முதலே விசாரித்துக்கொண்டோம். நீங்களும் எதையாவது ஆன்லைனில் பார்த்து ஆசைப்பட்டால் முதலில் உங்கள் கிளப்பில் கேளுங்கள். அதோடு, படைவீரன் வேசம் போட்டு விற்கிற விளம்பரங்கள் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பத்து மீட்டரில் ஒரு கடதாசிப் பொட்டைச் சுட எதற்கு அந்த வேசம்?

கடையில் இதே சேசிஸ் வெள்ளி நிறத்திலும் இருந்தது. ஆனால் ஆறு கிழமை காத்திருக்க வேண்டும், இடையில் அவளுக்கு ஒரு போட்டி. முடிவை அவளிடமே விட்டேன். இரண்டு நாள் யோசித்தாள். "வெள்ளி வரட்டும் மாமா" என்றாள். அந்தப் போட்டியை மரப் பிடங்கோடு, கழுத்து நோவோடு சுட்டு, கடைசிக்கு மூன்றாவதாக வந்தாள். வீட்டில் ஒருவரிடமும் முறையிடவில்லை.

இனிப் பூட்டுகிற கதை. முதலில் துவக்கு வெறுமை என்று இருவரும் தனித்தனியாகப் பார்த்தோம், காற்றுச் சிலிண்டரைக் கழற்றி வைத்தோம். பிறகு அடியில் இருக்கிற இரண்டு திருகாணி. அவ்வளவுதான், மரம் கையோடு வந்துவிடும். சேசிஸில் இயந்திரத்தை வைத்து இரண்டு ஆணியையும் விரலால் பிடித்தபின், முன்னுக்குக் கொஞ்சம், பின்னுக்குக் கொஞ்சம் என்று மாறிமாறி இறுக்க வேண்டும். கடைசி இறுக்கத்துக்கு டோர்க் ரெஞ்ச், செய்தவர்கள் கொடுத்த அளவில். கைப்பலத்தை நம்பாதீர்கள்.

பிறகு எனக்குப் பிடித்த சோதனை. டயல் கேஜ் என்று ஒரு கருவி, நூறில் ஒரு மில்லிமீட்டர் அசைவையும் காட்டும். அதன் ஊசியைக் குழலில் தொடவைத்து ஓர் ஆணியை மெல்லத் தளர்த்துங்கள். முள் அசையாவிட்டால் இயந்திரம் சட்டகத்தில் நேராக உட்கார்ந்திருக்கிறது. அசைந்தால் அதை வளைத்துப் பூட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 80 சென்டிமீட்டர் என்று வையுங்கள். ஒரு பக்கம் 0.05 மில்லிமீட்டர் விலகினால் பத்து மீட்டரில் 0.6 மில்லிமீட்டருக்கு மேல் விலகும். பத்துப் புள்ளிப் பொட்டே அதைவிடச் சின்னது! எங்கள் முள் அசையவில்லை. மருமகள் அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறாள்.

பூட்ட அரை மணித்தியாலம், அளவு பார்க்க ஐந்து சனிக்கிழமை. அவளைக் கண்ணை மூடித் துவக்கைத் தூக்கச் சொல்லுவேன். கண்ணைத் திறக்கும்போது குறி நேரே தெரியவேண்டும், கழுத்து நிமிர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் உடம்பை மாற்றாதே, சேசிஸை மாற்று. தோள் தகடு 35 மில்லிமீட்டர் உள்ளே போனது, கன்னமேடு 12 ஏறியது. இடது முழங்கை இடுப்பெலும்பில் இருக்க, கையடிக் கட்டையை உயர்த்தினோம். ஒவ்வொரு மாற்றத்தையும் கொப்பியில் எழுதினாள். ஒரு தரத்துக்கு ஒன்றைத்தான் மாற்றலாம், இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது. முதல் இரண்டு கிழமை புள்ளி குறைந்தது. உடம்பு பழைய கோணலைத் தேடிக்கொண்டிருந்தது. நான்காவது கிழமை 60 சன்னமும் சுட்டுவிட்டு வந்து, "கழுத்து இருக்கிறதே தெரியேல்லை" என்றாள். புள்ளி எத்தனை என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிச் சேசிஸை அப்பா ஒருநாள் கராஜ் வாசலில் நின்று பார்த்தார். "இப்ப தையல் மெசின் மாதிரிக் கிடக்கு" என்றார். சுடுதளத்துக்கு வாங்கோ என்று மருமகள் மூன்று தரம் கேட்டுவிட்டாள். இன்னும் வரவில்லை. அவர் வீட்டில் இருக்கும்போது நானும் பெட்டியைத் திறப்பதில்லை. கழற்றிய மரப் பிடங்கை மட்டும் தரச்சொல்லி வாங்கி, பழைய சாரம் ஒன்றில் சுற்றித் தன் அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

மருமகள் இந்த வருசம் நான்கு சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டாள். போன சனிக்கிழமை தோள் தகட்டை எட்டு மில்லிமீட்டர் வெளியே இழுத்து, கொப்பியில் திகதி போட்டோம்.