தெருவிளக்கை அணைத்துத் தொடங்கும் கார்னிவல்... பாசலில் 72 மணி நேரத் திருவிழா!

கார்னிவல் என்றதும் ரியோவின் சாம்பா நடனமும் ஜொலிக்கும் விளக்குகளும் நினைவுக்கு வரும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலோ கார்னிவல் இருட்டில் தொடங்குகிறது.

சாம்பல் புதனுக்கு அடுத்த திங்கள், அதிகாலை 4 மணி. பழைய நகரின் தெருவிளக்குகள் அத்தனையும் ஒரே நேரத்தில் அணைகின்றன. மறுநொடி, மேளங்களும் பிக்கலோ குழல்களும் சேர்ந்து ஒலிக்க, ஆளுயரத்தைத் தாண்டிய ஓவிய லாந்தர்கள் இருளில் நகர்கின்றன. 'மோர்கெஷ்ட்ராய்ஹ்' எனப்படும் இந்தத் தொடக்கத்தைப் பார்க்க, சிறப்பு ரயில்களில் கூட்டம் வந்து இறங்கும். வியாழன் அதிகாலை 4 மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். இந்த 'ஃபாஸ்நாக்ட்' விழாவை 2017-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

மொழி தெரியாதவர்களுக்கு?

மருந்து நிறுவனங்களில் வேலைக்காகவும், பல்கலைக்கழகப் படிப்புக்காகவும் உலகின் பல மூலைகளிலிருந்து பாசலுக்கு வந்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு இந்த விழா முதல் வருடம் சற்று அந்நியமாகத்தான் தெரியும்.

காரணம் உண்டு. ஊர்வலத்தில் வருபவர்கள் முகம் முழுவதையும் மறைத்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரே வந்தாலும் அடையாளம் தெரியாது. லாந்தர்களில் அரசியல்வாதிகளையும் ஊர் நடப்பையும் கிண்டலடிக்கும் வரிகள் இருக்கும். எல்லாம் பாசல் வட்டார வழக்கில்! வகுப்புக்குப் போய் ஜெர்மன் கற்றவர்களே திணறுவார்கள். 'நாமும் வேஷம் போடலாமே' என்றால், பார்வையாளர்கள் வேஷம் போடுவது அங்கே வழக்கமில்லை.

ஆனால், வேடிக்கை பார்ப்பவருக்கும் இங்கே ஓர் இடம் உண்டு. முதலில் 'பிளகெட்டே' என்ற பேட்ஜை வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். அந்தப் பணம் விழாக் குழுக்களுக்குப் போகிறது. குத்தாமல் போனால், பெரிய மூக்கு முகமூடி போட்ட 'வாக்கிஸ்' வேஷக்காரர்கள் வண்ணக் காகிதத் துணுக்குகளைக் கழுத்துக்குள் கொட்டிவிடுவார்கள். பேட்ஜ் இருந்தால் ஆரஞ்சோ, மிட்டாயோ, மிமோசா பூங்கொத்தோ கிடைக்கலாம். தொடக்க இருட்டில் கேமரா ஃபிளாஷ் அடிக்காமல் இருப்பதும் மரியாதை.

சமையலறை வழியாக...

விடியற்காலைக் குளிருக்கு வறுத்த மாவில் செய்த சூடான சூப்பும், வெங்காய டார்ட்டும்தான் துணை. உணவகங்கள் அந்த நேரத்திலும் திறந்திருக்கும். 1980-களில் சுவிஸுக்குப் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்களில் பலர் தங்கள் முதல் வேலையைத் தொடங்கியது உணவகச் சமையலறைகளில்தான். அந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஊர் கொண்டாடும் நாள்கள், ஓய்வில்லாத நாள்கள். நம்மூர்த் தேர்த் திருவிழாவன்று கடைத்தெருவில் நிற்பவர்களின் நிலையும் இதுதானே!

பின்னால் நடந்தால் போதும்!

பெரிய ஊர்வலம் இல்லாத நேரங்களில் சின்னச்சின்னக் குழுக்கள் குழலூதி, மேளம் தட்டியபடி சந்துகளில் மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். அவர்களுக்குப் பின்னால் யார் வேண்டுமானாலும் சேர்ந்து நடக்கலாம். அனுமதி கேட்க வேண்டாம். அந்த மெதுநடைத் தாளத்துக்குக் கால்கள் தானாகப் பழகிவிடும். பிறந்தது முதல் பாசலில் இருப்பவரும், போன மாதம் வந்து இறங்கியவரும் அங்கே ஒரே வரிசையில்தான் நடக்கிறார்கள்.

லாந்தர் வரிகள் புரிய இன்னும் சில வருடங்கள் ஆகலாம். மேளம் முதல் நாளே புரிந்துவிடுகிறது.